வேலூரில் ஒரு நோயாளர் சந்திப்பு ஊழியரின் சோர்வு: நிகழ்வு ஆய்வு

சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு, அவர் வாசித்துப் பார்த்த பின்பு எழுதப்பட்டது இது. ஆளும் சபையும் அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

பின்னணி

வேலூர் காந்தி ரோட்டிலும் பாபுராவ் தெருவிலும் காலையில் நடந்தால் தமிழுக்கு இணையாக வங்காளமும் இந்தியும் காதில் விழும். 1900-ல் மிஷனெரி மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருந்தகம் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையாக வளர்ந்தபின், மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, வங்கதேசம் என்று பல இடங்களிலிருந்தும் குடும்பங்கள் காட்பாடி ஜங்ஷனில் வந்து இறங்குகின்றன. லாட்ஜில் அறை எடுத்து, அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு வாங்கி, வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் தங்குகிறார்கள்.

இவர்களைச் சந்திப்பதற்காக நகரத்துச் சபை ஒன்று ஓர் ஊழியம் நடத்திவருகிறது. அறைக்குப் போய் ஜெபிப்பது, மருத்துவர் சொன்னதை மொழிபெயர்த்துச் சொல்வது, ரத்தம் கொடுக்க ஆள் பிடிப்பது, மலிவான அறை தேடித் தருவது, யாராவது இறந்துவிட்டால் உடலை ஊருக்கு அனுப்ப உதவுவது ஆகியவைதான் வேலை. ஒருங்கிணைப்பாளர் 44 வயதுப் பெண். இந்தி சரளமாகப் பேசுவார், வங்காளம் சமாளிப்பார். கணவருக்கு ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை வேலை. மகள் பிளஸ் டூ, மகன் எட்டாம் வகுப்பு. சபை அவருக்கு மாதம் 9,000 ரூபாய் மதிப்பூதியம் கொடுத்தது. தொடங்கும்போது ஐந்து பேர் இருந்த குழு, திருமணம், வேலை, இடமாற்றம் என்று கரைந்து, ஏழாம் ஆண்டில் அவரும் ஒரு கல்லூரி மாணவரும் மட்டும் மிஞ்சியிருந்தார்கள். ஆள் குறைந்ததைக் கமிட்டியில் யாரும் பெரிதாகப் பேசவில்லை, ஏனென்றால் வேலை நின்றுபோகவில்லை.

2022-ல் சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் திறந்து சில பிரிவுகள் அங்கே போனபின், சந்திக்க வேண்டியவர்கள் இரண்டு ஊர்களில் பிரிந்தார்கள். பஸ்ஸில் போய்வரும் நேரமும் அவர் நாளில் சேர்ந்தது. வேறு எந்த வேலையும் குறையவில்லை.

கவனித்தவை

முதலில் கவனித்தவர் கணவர். கட்டிக்கொடுத்த சாப்பாடு மாலையில் அப்படியே திரும்பி வந்தது. இரவு பதினொன்றரைக்கு மேல் படுப்பார், மூன்று மணிக்கு விழித்துவிடுவார். அதன்பின் தூக்கம் கிடையாது. வீட்டில் பேச்சு குறைந்தது. மகளின் பரீட்சைத் தேதியை மூன்று முறை கேட்டார்.

மாணவர் கவனித்தது வேறு. நோயாளிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவர், "மூணாவது மாடி லிவர்", "அந்த டயாலிசிஸ்" என்று சொல்லத் தொடங்கியிருந்தார். ஜெபம் ஒரே வாசகங்களாகச் சுருங்கியது. போன் மணியடித்தால் எடுக்குமுன் ஒருகணம் கண்ணை மூடிக்கொள்வார். அவருடைய எண் பத்துப் பன்னிரண்டு லாட்ஜ்களின் வரவேற்பு மேசைச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. பிறகு ஒரு புதன்கிழமையின் அழைப்புப் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது 61 அழைப்புகள் இருந்தன. முதலாவது காலை 5.10-க்கு, கடைசி இரவு 11.40-க்கு. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சிகிச்சை முடிந்து ஊருக்கே போய்விட்டவர்கள் செய்தவை.

வெளியே தெரிந்த சம்பவம் ஜூலையில் நடந்தது. அறுவை சிகிச்சைக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் தேவைப்பட்டது. நினைவிலிருந்தே ஒரு இளைஞரைக் கூப்பிட்டார். அந்த இளைஞர் கடைசியாகக் கொடுத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்பதால் ரத்த வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நோயாளியின் அண்ணன் லாட்ஜ் நடையில் நின்று கத்தினார். இவரும் பதிலுக்குக் கத்திவிட்டார். பிறகு வண்டி நிறுத்தத்தில் ஸ்கூட்டர் மேலேயே ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தார். "அக்கா, வாங்க வீட்டுக்குப் போலாம்" என்று மாணவர் கூப்பிட்டதற்கு, "எனக்கு யாரு மேலயும் ஒண்ணும் தோண மாட்டேங்குது தம்பி" என்றார். அன்று மாலையே மாணவர் ஆயரிடம் சொன்னார்.

ஐ.சி.டி-11 என்ற நோய் வகைப்பாட்டில் உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்டை நோயாகக் கணக்கிடவில்லை. வேலையிடத்து அழுத்தம் நெடுநாள் சரியாகக் கையாளப்படாததால் வரும் நிலை என்கிறது. மூன்று அடையாளங்கள் சொல்கிறது: சக்தி முழுக்க வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல் அல்லது கசப்பு, செய்வதில் பலனில்லை என்ற உணர்வு. மூன்றும் இங்கே இருந்தன. சபைகளில் முதலாவதை "களைப்பு" என்று விட்டுவிடுவார்கள். இரண்டாவதை "அன்பு தணிந்துபோச்சு" என்று பாவக் கணக்கில் எழுதிவிடுவார்கள். இந்த நிகழ்விலும் அப்படித்தான் ஆனது.

முதல் முயற்சி

ஆயர் அக்கறையோடுதான் பேசினார். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற பிலிப்பியர் 4:13-ஐ வாசித்து, மூன்று நாள் உபவாச ஜெபம் ஏற்பாடு செய்தார். சந்திப்புகளைக் குறைக்கும் பேச்சே எழவில்லை. காலையில் லாட்ஜ், மாலையில் உபவாசக் கூட்டம் என்று போனது. மூன்றாம் நாள் பாட்டுக்கு எழுந்து நின்றவர் கண் இருட்டி, முன்பெஞ்சைப் பிடித்தபடி சரிந்தார்.

அந்த வசனத்தை இப்படிப் பயன்படுத்துவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. ஆனால் அதற்கு முந்தின வசனம் தாழ்ந்திருக்கவும் பசியாயிருக்கவும் அந்தக் கடிதத்தை எழுதிய பவுல் கற்றுக்கொண்டதைச் சொல்கிறது. பிந்தின வசனம், தன் உபத்திரவத்தில் பிலிப்பி சபையார் உடன்பட்டது நலமாயிருந்தது என்கிறது. கிறிஸ்துவின் பெலனைப் பேசின மூச்சிலேயே, அடுத்தவர் அனுப்பின உதவியை வாங்கிக்கொண்டதற்கு நன்றி சொல்கிறார் பவுல். 13-ஐ மட்டும் தனியே கிழித்தெடுத்தால் அது ஓய்ந்துபோன ஆளின் முதுகில் இன்னொரு மூட்டையாகிறது.

பரிசோதனையில் தெரிந்தது

மறுநாள் மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். ஹீமோகுளோபின் 8.6, பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகைதான். சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம் மூன்றும் சரியாக இருந்தன. ஒரு வருடமாக மாதவிடாய் எட்டு நாள் வரை நீண்டு உதிரப்போக்கு அதிகமாக இருந்ததை யாரிடமும் சொல்லாமலே வைத்திருந்தார். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி தெரிந்தது; உடனடி அறுவை தேவையில்லை, மாத்திரையும் தொடர்ந்து பார்ப்பதும் போதும் என்றார்கள். ரத்தம் தேடி ஊரெல்லாம் அலைந்தவருக்கே ரத்தம் இல்லை என்பதை மருத்துவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளில் 27-க்கு 14 வந்தது. சாவைப் பற்றிய கேள்விக்கு அவர் சொன்ன பதில்: "செத்துடணும்னு இல்ல. காலையில எழுந்திரிக்காமயே போயிட்டா நல்லாயிருக்கும்னு தோணுது." இதை மருத்துவர் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. திட்டம் ஏதும் மனதில் இருக்கிறதா என்று நேராகக் கேட்டார், இல்லை. வாரம் ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லி, எந்நேரமும் கூப்பிடக்கூடிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐக் கணவருக்கும் எழுதிக் கொடுத்தார். சபையில் இப்படிக் கேட்கத் தயங்குகிறார்கள், கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. பாரம் இறங்கத்தான் அது வழிசெய்யும்.

எடுத்த முடிவுகள்

ஆயர், கணவர், கமிட்டிச் செயலர், ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் என்று நான்கு பேர் ஆயர் வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். திட்டத்தின் வரிசையை 1 இராஜாக்கள் 19-லிருந்து எடுத்தார்கள். யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தூதன் கண்டிக்கவில்லை. நித்திரை, அடையும் தண்ணீரும், மறுபடி நித்திரை, மறுபடி ஆகாரம். நாற்பது நாள் பயணத்துக்குப் பிறகுதான் ஓரேப் மலையில் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி வருகிறது. அதற்கும் பிறகுதான் அவன் பொறுப்பை ஏற்க எலிசா. சபை முதல் முயற்சியில் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருந்தது: கேள்வி முதலில், ஆகாரத்துக்குத் தடை.

ஆறு வாரம் முழு ஓய்வு என்று முடிவானது. மதிப்பூதியம் நிற்காது என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுத்தார்கள். அந்த 9,000 ரூபாயில்தான் மகளின் டியூஷன் நடந்தது. பணம் நின்றால் அவர் இரண்டாம் வாரமே ஓடி வந்துவிடுவார் என்று கணவர் சொன்னது சரி.

அவர் ஒப்புக்கொள்ள நேரமெடுத்தது. "நான் போகலன்னா அவங்கள யாரு ஐயா பாத்துக்குவாங்க? கர்த்தர் என்னைக் கேக்க மாட்டாரா?" என்று ஆயரிடம் கேட்டார். ஆயர் இந்த முறை வசனத்தோடு தொடங்கவில்லை. "நீங்க போகாத வீடுகளையெல்லாம் இதுவரைக்கும் யார் பாத்துக்கிட்டாங்க சிஸ்டர்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, யாத்திராகமம் 18-ஐக் கொடுத்து வீட்டில் வாசிக்கச் சொன்னார். அங்கே எத்திரோ தன் மருமகன் மோசேயின் பக்தியைக் குறை சொல்லவில்லை. செய்கிற விதம் நல்லதல்ல, நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்கிறார். ஜனங்களும் என்பது முக்கியம். லாட்ஜ் நடையில் கத்தலைக் கேட்ட குடும்பம் அந்த "ஜனங்களில்" ஒன்று.

ஆவிக்குரிய பக்கத்தில் மூன்று தீர்மானங்கள். ஆறு வாரமும் அவர் ஜெபம் நடத்தவோ, சாட்சி சொல்லவோ, பாடவோ கூடாது. ஆராதனையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் போதும். உபவாசம் கூடாது. வாரம் இருமுறை அந்த நர்ஸ் அம்மா வீட்டுக்கு வந்து இருபது நிமிடம் வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்துவிட்டுப் போவார், புத்திமதி சொல்லமாட்டார். புலம்பல் சங்கீதங்களையே தேர்ந்தார்கள்: 13, 42, 88, 130. வேதத்தைத் திறந்தாலே "இது யாருக்குச் சொல்லலாம்" என்று தேடும் பழக்கம் ஏறிப்போயிருந்ததால், வாசிப்பவர் வேறு ஆளாக இருப்பது நல்லது என்று நினைத்தார்கள். நல்ல யோசனை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய மிஷனெரிகளின் தியாகத்தை நம் மேடைகளில் கதையாகச் சொல்வார்கள். அவர்கள் எடுத்த விடுமுறையைச் சொல்லமாட்டார்கள். கோடைக்கானலே 1845-ல் அமெரிக்க மதுரை மிஷனெரிகள் உடம்பைக் காத்துக்கொள்ள வீடு கட்டிக் குடியேறிய மலைதான். ஐடா ஸ்கடருக்கும் அங்கே ஹில்டாப் என்ற வீடு இருந்தது.

பொறுப்பை மாற்றியதும் அதில் வந்த சிக்கல்களும்

இரண்டு பிற்பகல் உட்கார்ந்து அவருடைய நீல அட்டை நோட்டிலிருந்து குடும்பங்களைப் பட்டியலிட்டார்கள். 31 குடும்பங்கள். தினமும் ஆள் போக வேண்டியவை ஐந்துதான். பதினான்கு வாரம் ஒருமுறை போதும். மிச்சம் பன்னிரண்டு ஊருக்குத் திரும்பிவிட்டவை; அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பி விடைகொடுத்தார்கள். தலைக்குள் 31-ம் ஒரே எடையோடு கிடந்தவை, காகிதத்தில் வந்ததும் ஐந்தாகக் குறைந்தன.

போன்தான் பெரிய தலைவலி. அவர் பழைய எண்ணை ஊழியத்துக்குக் கொடுத்துவிட்டுப் புது எண் வாங்குவது என்று முடிவாகி, முதல் நாளே சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போட்டார்கள். மறுநாள் வங்கி, கேஸ் சிலிண்டர், ஆதார் எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் அந்தப் போனுக்கு வந்தது. இரவு ஒன்பதுக்கு ஓ.டி.பி. கேட்டு அவரே தன்னார்வலரைக் கூப்பிட, பேச்சு நோயாளிகள் பக்கம் திரும்பியது. சிம் திரும்ப வந்தது. பிறகு முறைப்படி செய்தார்கள்: முதலில் புது எண், அடுத்து வங்கி, ஆதார், கேஸ், பள்ளி ஆகியவற்றில் எண் மாற்றம், அதுவரை பழைய எண்ணின் அழைப்புகள் மட்டும் ஊழியப் போனுக்குத் திருப்பிவிடப்பட்டன. எல்லாம் மாறியபின்தான் சிம் கைமாறியது. பத்து நாளுக்கு மேல் ஆனது.

ஊழியப் போன் காலை 7 முதல் இரவு 8 வரை மட்டும். இரவில் அவசரமென்றால் 108-ஐ அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவை அணுகச் சொல்லி இந்தியிலும் வங்காளத்திலும் அச்சடித்து லாட்ஜ்களில் ஒட்டினார்கள். உதவிக்கு அறிவிப்பு கொடுத்ததும் பதினொரு பேர் கை தூக்கினார்கள். மூன்றாம் வாரம் ஆறு பேர் இருந்தார்கள். நாக்பூரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் இந்தி அழைப்புகளை எடுத்தார். வங்காளத்துக்கு ஆளில்லை. அப்போது உதவிக்கு வந்தவர் சிலிகுரியிலிருந்து மனைவியின் சிகிச்சைக்காக ஆறு மாதமாகத் தங்கியிருந்த ஒருவர். ஊழியம் பெற்றுக்கொண்டிருந்தவர்தான். ஓ.பி. சீட்டு முதல் வாடகை அடுப்பு வரை அவருக்குத் தெரியாதது இல்லை. "தீதி (அக்கா) எங்களுக்காக ஓடினாங்க, ரெண்டு மணி நேரம் நான் போன் எடுக்கக் கூடாதா?" என்றார். ஏழு வருடத்தில் யாரும் அவரைப் போன்றவர்களைக் கேட்டதே இல்லை.

ரத்தத்துக்குத் தனி நோட்டு. பெயர், வகை, எடை, கடைசியாகக் கொடுத்த தேதி, அடுத்துக் கொடுக்கக்கூடிய தேதி. கடைசிக் கட்டத்தை நிரப்பாமல் யாரையும் கூப்பிடக்கூடாது. எடைக் கட்டம் வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். 45 கிலோவுக்குக் குறைந்தவர்களை எடுக்கமாட்டார்கள் என்பதால் வேண்டும்.

ஆறு வாரம்

முதல் பத்து நாள் பெரும்பாலும் தூங்கினார். பகலில் தூங்குவது குற்றமாகத் தோன்றி அழுதார். இரும்புச்சத்து மாத்திரை பத்தாம் நாள் நின்றுபோனது, வயிறு கட்டிக்கொண்டதால். மருத்துவர் அதை ஒருநாள் விட்டு ஒருநாளாக மாற்றி, வெறும் வயிற்றில் எலுமிச்சை ஜூஸோடு எடுக்கச் சொன்னார். முன்பு மாத்திரையைக் காலை டீயோடு விழுங்கியிருந்தார். டீ இரும்பை உடம்பில் ஏறவிடாது என்பதால் இரண்டுக்கும் நடுவே இரண்டு மணிநேரம் இடைவெளி. போகிற அறையிலெல்லாம் டீ கொடுத்து உபசரிக்கப்பட்டவருக்கு இது எளிதாக இல்லை.

நான்காம் வாரம் பின்னடைவு வந்தது. அவர் நெருக்கமாகப் பார்த்துவந்த பாங்குரா பெண் ஒருவர் இறந்துபோனார். மனம் தாங்காது என்று குழு அவரிடம் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் யாரோ ஒருவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படத்தைப் பார்த்துவிட்டார். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. நர்ஸ் அம்மா அந்த வாரம் 88-ஆம் சங்கீதத்தை வாசித்தார். அது வெளிச்சத்தில் முடிகிற சங்கீதம் அல்ல. "இப்படி முடியறதையும் வேதத்துல வெச்சிருக்காங்களே" என்றார். பல மாதத்தில் அவர் வேதத்தைப் பற்றித் தனக்காகச் சொன்ன முதல் வாக்கியம் அது என்று நர்ஸ் அம்மா குறித்துவைத்தார்.

ஆயருக்கு ஆறாம் வாரத்தில் பொறுமை குறைந்தது. இவ்வளவு ஓய்வுக்குப் பின்னும் சந்தோஷம் வரவில்லையே என்று. ஓரேபில் அமர்ந்த மெல்லிய சத்தத்தைக் கேட்டபின்பும் எலியா, கேட்பதற்கு முன் சொன்ன அதே முறையீட்டை வார்த்தை மாறாமல் மறுபடி சொல்கிறான்: நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன். கர்த்தர் அதற்காக அவனைத் தள்ளிவிடவில்லை. எலிசாவை அபிஷேகம்பண்ணச் சொல்லி, ஏழாயிரம் பேர் இருப்பதையும் சொல்கிறார். இதைச் செயலர்தான் எடுத்துக் காட்டினார். ஓய்வு இன்னும் இரண்டு வாரம் நீண்டது.

திரும்பி வந்த விதம்

ஒன்பதாம் வாரம் முதல் வாரத்தில் ஒரு நாள், ஒரே குடும்பம், முக்கால் மணிநேரம், கூட ஒரு ஆள். ரத்த வேலையும் மரணப்படுக்கையும் அவரிடம் வராது. பன்னிரண்டாம் வாரம் முதல் இரண்டு நாள், மூன்று குடும்பம். நடுவில் ஒரு வியாழக்கிழமை யாருக்கும் சொல்லாமல் நான்கு அறைகளுக்குப் போய்வந்துவிட்டார். மாணவர் தெரிந்துகொண்டு ஆயரிடம் சொல்லுமுன் அவரையே கேட்டார். "பழக்கம் தம்பி, காலு தானா போயிடுச்சு" என்றார். அடுத்த வாரம் ஒரு நாள் குறைக்கப்பட்டது.

விளைவு

மூன்றாம் மாதம் ஹீமோகுளோபின் 11.2, ஆறாம் மாதம் 12.3. உடம்பில் இரும்புச்சத்துச் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் மாத்திரை தொடர்ந்தது. பி.எச்.க்யூ-9 ஆறாம் மாதத்தில் 6. சாவைப் பற்றிய கேள்விக்கு மதிப்பெண் பூஜ்ஜியம். தூக்கம் பெரும்பாலும் ஆறு மணிநேரத்தைத் தாண்டியது. மூன்று மணி விழிப்பு முழுக்கப் போகவில்லை.

ஊழியத்தில் குறைந்ததும் உண்டு. இரவு அழைப்பு நின்றதால் சில குடும்பங்கள் வருத்தப்பட்டன. ஒரு லாட்ஜ் மேலாளர் நோட்டீஸைக் கிழித்துவிட்டு அவருடைய புது எண்ணைக் கேட்டு நச்சரித்தார். பழைய அளவுக்குச் சந்திப்புகள் நடக்கவில்லை. ஆனால் ரத்தத்துக்கு வந்தவர்களில் இடைவெளி போதாமல் திருப்பி அனுப்பப்பட்டவர் அதன்பின் யாரும் இல்லை.

மாற்ற வேண்டியவை

இறந்த செய்தியை மறைத்திருக்கக் கூடாது. ஓய்விலிருப்பவர் நெருக்கமாகப் பார்த்த நோயாளிகள் யார் யார் என்று முதல் நாளே கேட்டு எழுதி, அவர்களுக்கு ஏதாவது ஆனால் ஆயர் அன்றைக்கே நேரில் போய்ச் சொல்வது என்று இப்போது எழுதிவைத்திருக்கிறார்கள்.

உபவாச ஜெபத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை என்பது சிலருக்கு வேடிக்கையாகப் பட்டது. களைப்பாக இருக்கிறேன் என்று சொல்லும் ஊழியருக்கு ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம் ஆகிய நான்கையும் முதலில் பார்ப்பது வழக்கமாக வேண்டும். பெண் ஊழியரிடம் மாதவிடாயைப் பற்றி ஒரு பெண் கேட்க வேண்டும்.

ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு இரண்டு ஆண்டுக்கு மேல் ஒருவரிடம் இருக்கக் கூடாது என்றும், ஒருவர் சந்தித்த நோயாளி இறந்தால் ஒரு வாரம் அவருக்குப் புதுக் குடும்பம் கொடுக்கக் கூடாது என்றும் கமிட்டி ஏற்றுக்கொண்டது. மதிப்பூதியத்தைப் பற்றித்தான் பேச்சு முடியவில்லை. பாதி வேலைக்கு முழுத் தொகையா என்று பொருளாளர் கேட்கிறார். முன்பு செய்தது மூன்று பேர் வேலை என்று செயலர் சொல்கிறார். அடுத்த கமிட்டிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.